அவங்ககிட்ட சொல்லும்மா

பிப்ரவரி 2, திங்கள்

மாலையில் வனத்துறையின் ஓய்வு விடுதிக்கு வந்து சேர்ந்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த வாடகைக் காரில் நான் முன் இருக்கையிலும் என் மனைவி பின் இருக்கையிலும் அமர்ந்திருந்தோம். ஓட்டுநர் கெட்டிக்காரர். பாதி வழியிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு, இருவரிடமும் தனித்தனியாகப் பேசத் தொடங்கினார்.

விடுதிக்கு எதிரே நீர்மருதுக் குளம். ஒரு பக்கம் மண் கரை. கரைக்கு அப்பால், தாமிரபரணியில் சேரப்போகும் சிற்றாறு ஒன்று பாறைகளில் இடித்துக்கொண்டு ஓடுகிறது. மற்ற மூன்று பக்கமும் காடு. வாயிலில் ஒரு பலகை: ‘குளத்தைச் சுற்றி எளிய நடை. முதியோரும் சிறுவரும் செல்லலாம். வழிகாட்டி இன்றி அனுமதி இல்லை.’ எளிதென்றால் வழிகாட்டி எதற்கு, வழிகாட்டி வேண்டுமென்றால் எளிது என்ற சொல் எதற்கு என்று காவலரைக் கேட்டேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இங்கே ஏன் வந்தோம் என்பதை ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். சென்ற ஆடியில் என் தாயார் இறந்தபோது நான் ஒரு கருத்தரங்கிற்காக பெல்ஜியத்தில் இருந்தேன். மறுநாள் இரவுக்குள் திருச்சிக்கு வந்திருப்பேன். குளிர்பெட்டி கிடைக்காத ஊரல்ல அது. எனக்காகக் காத்திராமல் அன்று மாலையே உடலை எடுக்கச் சொன்னவள் என் மனைவி. கொள்ளி வைத்தவளும் அவளே. அன்று முதல் நான் அவளுடன் பேசுவதில்லை. சடங்குகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நெருப்பை யார் வைத்தால் என்ன என்று வகுப்பறையில் கேட்டவன் நான். தருக்கவியல் கற்பிப்பவன். என் ஆட்சேபம் முற்றிலும் நடைமுறை பற்றியது. எனக்குரிய முடிவை என்னைக் கேளாமல் அவள் எடுத்தாள்.

பேசுவதில்லை என்பதால் குடும்பம் நின்றுவிடவில்லை. வேண்டிய தகவல்கள், வேலைக்கு வரும் அமுதா மூலமாகவும் புனேயில் இருக்கும் மகன் நன்மாறன் மூலமாகவும் சொல்லப்பட்டன. சென்ற மாதம் மகன் வழியாகவே அவள் ஒன்றைத் தெரிவித்தாள்: மன்னார்குடியில் தன் தமக்கை வீட்டுக்குப் போய்விடப் போகிறாள், நிரந்தரமாக. மகன் இருவரிடமும் ஒரு வாரம் கேட்டான். “அமுதா இல்லாத எடமாப் பாத்துப் போங்கப்பா” என்றான். இந்த வாரத்துக்குள் நான் அவளிடம் நேராகப் பேசினால் அவள் திருச்சிக்குத் திரும்புவாள். பேசாவிட்டால் இங்கிருந்தே மன்னார்குடி. நிபந்தனை அவளுடையது. மறுத்தால் அஞ்சினேன் என்று ஆகும். ஆகவே வந்திருக்கிறேன்.

அறையில் இரண்டு கட்டில்கள். சன்னலோரக் கட்டிலை அவள் எனக்கு விட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு வழிகாட்டி வந்தாள். பெயர் முப்பிடாதி, முப்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் வனத்துறையின் பச்சைச் சட்டை, கையில் ஒரு பிரம்பு. மலையடிவாரக் கிராமத்துப் பெண்களுக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். காட்டைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறாள். நீளக் கழுத்துடன் மூழ்கி எழுந்த கறுப்புப் பறவை எது என்று கேட்டதற்கு, “அது ஒரு மாதிரி கொக்கு சார்” என்றாள். பச்சையாகப் பறந்ததும் ஒரு மாதிரி கொக்குதான்.

முதலில் முப்பிடாதி முன்னால் நடந்தாள். நான் அடுத்து, என் மனைவி கடைசி. இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்த வரிசையில்தான் எங்கும் போயிருக்கிறோம். ஆனால் அவளுக்கு வலது முழங்கால் சரியில்லை. பின்தங்கினாள். இருவரையும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முப்பிடாதி நடுவில் வந்துவிட்டாள். நான் முன்னால் போனேன். பாதை ஐயத்துக்கு இடமில்லாதது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரம். வழிதவற ஒரு முட்டாளாலும் முடியாது.

வடக்கு மூலையில் மருத மரத்தின் வேர்கள் பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. திரும்பாமலேயே சொன்னேன்: “அவங்ககிட்ட சொல்லும்மா, வேர் இருக்குன்னு.”

முப்பிடாதி பின்னால் பார்த்தாள். என் மனைவி ஒரு கை நீளத்தில்தான் இருந்தாள்.

“அம்மாவுக்குக் காது கேக்காதா சார்?”

“கேட்கும்.”

“அப்போ உங்களுக்கா?”

“அவருக்கும் நல்லாக் கேக்கும்மா” என்றாள் என் மனைவி. “நீ நட.”

முப்பிடாதி சிறிது நேரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு, பெரிய காரியம் ஒன்றை ஏற்றுக்கொண்டவளைப் போல, தெளிவான குரலில் பின்னால் அறிவித்தாள்: “அம்மா, வேரு இருக்காம்.”

முழுச் சுற்றும் இப்படியே நடந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பதில் வந்தது. அமுதாவைவிட முப்பிடாதி வேகமானவள். ஏற்பாடு திருப்திகரம்.

பிப்ரவரி 4, புதன்

இரண்டு சட்டைகளைத் துவைத்தேன். சென்ற ஆடியிலிருந்து என் துணிகளை நானே துவைத்துக்கொள்கிறேன். இதுவும் ஒரு நிலைப்பாடு. சவுக்காரத்தைக் குரங்கு கொண்டுபோயிற்று. அவள் தன் சவுக்காரத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அதைப் பயன்படுத்தவில்லை. அலசி மட்டும் காயப்போட்டேன்.

மகன் அழைத்தான். பேசினீர்களா என்றான். தகவல் பரிமாற்றம் நடைபெறுகிறது என்றேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். கைபேசியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த முக்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நடை வழக்கம்போல். காற்றில்லை. குளம் முழுவதும் மலை தலைகீழாகக் கிடந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று ஒரு மோசடியைக் கண்டுபிடித்தேன்.

கரை ஏறும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “அவங்களுக்குத் தேவைன்னா கொஞ்சம் நிற்கலாம்னு சொல்லும்மா” என்றேன். நான்கடி முன்னால் நின்ற எனக்கு முப்பிடாதியின் மொழிபெயர்ப்பு தெளிவாகக் கேட்டது:

“அம்மா, சார் ஒங்க முட்டிய நெனச்சு ரொம்ப வெசனப்படுதாங்க. உக்காந்து காலை நீட்டிக்கிட்டு வந்தா போதுமாம். அவசரமே இல்லியாம்.”

என் மனைவி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க. அந்த ஒலியை நான் சிறிது காலமாகக் கேட்டிருக்கவில்லை.

நான் முப்பிடாதியைத் தனியே அழைத்து, அப்படி எதுவும் நான் சொல்லவில்லை என்றேன்.

“தெரியும் சார். நீங்க சொன்னத அப்படியே சொன்னா கவருமெண்டு நோட்டீசு மாதிரில்லா இருக்கு.”

செய்தியை மாற்றாமல் சேர்ப்பதுதான் இடையில் இருப்பவரின் கடமை என்று விளக்கினேன். தலையாட்டினாள். ஐந்து நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னது எனக்கே கேட்டது: “தொப்பியைப் போட்டுக்கச் சொல்லு. அப்பறம் தலைவலின்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு.” முப்பிடாதி என்னிடம் ஓடிவந்து, “சார், வெயில்ல ஒங்க கலரு கொறஞ்சிருமாம், அம்மா கவலப்படுதாங்க” என்றாள். பின்னால் மறுபடியும் அந்தச் சிரிப்பு.

தொப்பியைப் போட்டுக்கொண்டேன். வெயில் உண்மையிலேயே அதிகம்.

ஒரு பொய்யான செய்தியிலிருந்து எழுந்த சிரிப்புக்கு எந்த மதிப்பும் கிடையாது. எடுகோள் பிழையென்றால் முடிவும் பிழை. எனினும் இன்று அது இரண்டு முறை கேட்டது என்பதைப் பதிகிறேன். அவள் சிரிக்கும்போது இடது கையால் வாயை மறைக்கிறாள். இது முன்பு இருந்த பழக்கமா என்று எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

கரையின் நடுவில் ஒரு கல் இருக்கை உண்டு. அதில் அமர்ந்தால் இடது காதில் குளத்தின் அமைதியும் வலது காதில் ஆற்றின் இரைச்சலும் ஒரே சமயத்தில் விழும். அவள் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் முப்பிடாதி நடுவிலும் அமர்ந்தோம். கொண்டுவந்த நிலக்கடலையைக் கொறித்துக்கொண்டே முப்பிடாதி கேட்டாள்: “எதுக்கு சார் இந்தச் சண்டை? எங்க வீட்டுலயும் சண்டை வரும். நான் ரெண்டு நாளு பேசமாட்டேன். மூணாம் நாளு அவுக குடிக்கத் தண்ணி எங்கன்னு கேப்பாக, அதோட முடிஞ்சிரும்.”

சண்டை அல்ல, ஒரு கேள்வி நிலுவையில் இருக்கிறது என்றேன். என்ன கேள்வி என்றாள். எந்த அதிகாரத்தின் பேரில் என் தாயாரின் உடல் எனக்குக் காத்திராமல் எடுக்கப்பட்டது என்பதே கேள்வி. வேண்டுமானால் கேட்டுச் சொல் என்றேன்.

முப்பிடாதி கேட்கவில்லை. கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஆற்றுப் பக்கம் பார்த்தவாறு பேசினாள். முப்பிடாதியிடம்தான், என்னிடம் அல்ல.

“அத்தைதாம்மா சொன்னாங்க. அன்னிக்குக் காலையில நெனவு இருந்துச்சு. ‘நான் போயிட்டா அவனுக்காக வச்சிருக்காத’ன்னாங்க. ‘உசுரோட இருக்கறப்பவே நாலு வருசமா அவன் என் மூஞ்சியப் பாத்துப் பேசல. அவன் வந்து பக்கத்துல பேசாம நிக்கறதுக்காக நான் எதுக்கு ஐசுல கெடக்கணும். நீயே வச்சிடு’ன்னாங்க. அதான் வச்சேன்.”

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. முப்பிடாதி கடலைப் பொட்டலத்தை மடித்தாள்.

“சொல்” என்றேன்.

“சார், நீங்க கேட்டுட்டீங்கல்லா.”

“முறைப்படி சொல்.”

முப்பிடாதி என் முகத்தைப் பார்க்காமல், “ஒங்க அம்மா, சீக்கிரம் எடுத்துரச் சொன்னாங்களாம் சார். அம்புட்டுத்தான்” என்றாள். அதிலும் பாதியை விழுங்கிவிட்டாள்.

நான்கு ஆண்டுகள் என்பது சரியான கணக்கே. அதற்குக் காரணம் உண்டு. என் ஆய்வு மாணவர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, “இவனுக்குக் கணக்கு வரலை, அதனாலதான் இதப் படிச்சான்” என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அதன்பின் அம்மாவோடு நேராகப் பேசும் தேவை எழவில்லை. ஆனால் எதிலும் நான் குறை வைக்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டுமா, மருந்து தீர்ந்ததா, மின்விசிறி சத்தம் போடுகிறதா, எல்லாவற்றையும் மனைவி மூலம் கேட்டறிந்து உடனுக்குடன் செய்தேன். பெல்ஜியத்துக்குக் கிளம்பிய அன்றும் வாசலில் நின்று, “அம்மாகிட்ட சொல்லிடு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினேன். அம்மா பத்தடி தள்ளி நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆகவே சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்று யாரும் கூற முடியாது.

இன்று எழுவது வேறொரு கேள்வி. இந்த வாக்குமூலத்தை அவள் ஏன் முதல் நாளே தரவில்லை? இத்தனை மாதங்கள் ஏன் மறைத்தாள்? முப்பிடாதியிடம் கேட்கச் சொன்னேன்.

“தாங்கமாட்டார்னு நெனச்சேன்” என்றாள் என் மனைவி.

இதை முப்பிடாதி எனக்குச் சொல்லவில்லை. எழுந்து முன்னால் நடந்துவிட்டாள்.

பிப்ரவரி 7, சனி

இன்று நடக்கவில்லை. காலில் வலி என்று முப்பிடாதியிடம் சொல்லி அனுப்பினேன். வலி இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

முப்பிடாதி வரவில்லை. நாத்தனார் மகளுக்குச் சடங்காம். காவலர் தலையைச் சொறிந்தார். தெரிந்த பாதைதானே, கரையை விட்டு இறங்காமல் போய்வாருங்கள் என்று வாயிலைத் திறந்துவிட்டார். விதியை அவரே எழுதி, அவரே அழிக்கிறார்.

மறுக்கலாம் என்று எண்ணினேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். முதல் முறையாக அவள் முன்னால், நான் பின்னால்.

பின்னாலிருந்து ஒருவரைப் பார்ப்பது வினோதமானது. பின்னலில் பாதிக்கு மேல் நரைத்திருக்கிறது. வலது காலை வைக்கும்போதெல்லாம் இடது கையைச் சற்று விரிக்கிறாள், எதையோ பிடித்துக்கொள்வதைப் போல. மருத மர வேர்களைத் தாண்டும்போது நின்றாள். திரும்பவில்லை. ஒருவேளை நான் ஏதேனும் சொல்வேன் என்று நின்றிருக்கலாம். வேர் இருப்பது அவளுக்கும் தெரியும். சொல்வதற்குப் புதிய தகவல் ஏதும் இல்லை.

இரண்டு மூன்று வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்று ஆள் இல்லை.

மேற்கே குளம் ஒரு கை போலக் காட்டுக்குள் நீள்கிறது. பாதை அதைச் சுற்றி வளைகிறது. வளைவின் இந்தப் பக்கம் நிற்பவனுக்கு எதிர்ப்பக்கம் முழுவதும் தெரியும். வளைவுக்குள் நடப்பவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. அவள் வளைவுக்குள் போயிருந்தாள். எதிர்ப்பக்கம், நாணல் ஓரத்தில், பாதையின் மேலேயே ஒரு காட்டுமாடு நின்றது. தனியன். தோள் உயரம் என் தலைக்கு மேலிருக்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அவள் இன்னும் பத்துப் பதினைந்து அடி எடுத்து வைத்தால் அதன் எதிரில் போய் நிற்பாள்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். நான் அவளை என்னவென்று கூப்பிடுவேன் என்பது அந்தக் கணத்தில் எனக்கு அகப்படவில்லை. பெயர் தெரியும். மங்கையர்க்கரசி. திருமணமான புதிதில் அரசி என்று கூப்பிட்டிருக்கிறேன். எதுவும் வெளியே வரவில்லை.

கைதட்டினேன். ஓங்கி, மூன்று முறை.

நாரைகள் எழுந்தன. காட்டுமாடு தலையை உயர்த்தியது. அவள் நின்றாள். மூவரும் அப்படியே நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அது பெருமூச்சுப் போல ஓர் ஒலி எழுப்பி, நாணலை மிதித்துக்கொண்டு காட்டுக்குள் போயிற்று.

நான் அருகில் போனபோது அவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துப் பேசினாள். ஆடிக்குப் பின் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இது:

“தோட்டத்துல காக்கா வெரட்டுற மாதிரி தட்டுறீங்க.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று தோன்றியது. அதை எப்படி எதிர்கொள்வது என்று எனக்குத் தெரியும்.

நோக்கம் அவளை நிறுத்துவது, அது நிறைவேறியது. கைதட்டல் போதுமானதாக இருந்தது. மீதிப் பாதையில் அவள் கையை விரிக்காமல் நடந்தாள். இரண்டு கைகளையும் மார்போடு கட்டியிருந்தாள்.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் முப்பிடாதி வந்ததும் விஷயம் தெரிந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “காட்டுமாட்டுக்கு முன்னால கை தட்டலாமா சார்? மெரண்டா நேராத்தான் வரும். ஒங்க சம்சாரம் எலும்பு மிஞ்சியிருக்காது. மெதுவாப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நின்னுட்டுப் போறாங்க.” மேல் சட்டையில் மஞ்சள் கறை, கூந்தலில் நேற்றைய பூ. இவளிடமிருந்து நான் வசவு வாங்கிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியின் பெட்டி கட்டி வாசலில் வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டித்தான் நடக்கப் போனோம்.

கரையின் கல் இருக்கையை அடைந்ததும் முப்பிடாதி நடுவில் உட்காரவில்லை. தொலைவில் ஆற்றுப் படிக்கட்டில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால் நனைத்தாள். இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இருக்கையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்களை மன்னிப்புக் கேக்கச் சொல்லல. நான் செஞ்சது சரின்னும் சொல்ல வேண்டாம். ‘இரு’ன்னு ஒரு வார்த்தை. என்னப் பாத்துச் சொல்லுங்க. பஸ் ஏறமாட்டேன். திரும்ப இதப் பத்திப் பேசவும் மாட்டேன்.”

காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அவள் கண்ணின் கீழ் இமையில் ஒரு சிறு கட்டி இருந்தது. உறக்கம் கெட்டால் அவளுக்கு அப்படி வரும். அதற்கு நாமக்கட்டியை உரசிப் போடுவாள். இங்கே நாமக்கட்டி கிடைத்திருக்காது.

அவள் கேட்டது நியாயமான கோரிக்கையே அல்ல. காலக்கெடு விதித்துப் பெறப்படும் சொல், சொல் ஆகாது. இதை இரண்டாம் ஆண்டு மாணவனும் அறிவான். மேலும் அந்தச் சொல்லை நான் சொல்லியிருந்தால், இத்தனை மாதமும் சொல்லியிருக்கலாம் என்பது நிறுவப்பட்டுவிடும். இன்னும் முன்னால் போனால், நாற்காலியில் இருந்தவரிடமும் சொல்லியிருக்கலாம் என்பது நிறுவப்பட்டுவிடும்.

சொல் வாயில் இருந்தது. இதை மறுக்கமாட்டேன். இரண்டே எழுத்து.

நான் அவளைத் தாண்டி ஆற்றுப் பக்கம் பார்த்து, உரக்கக் கேட்டேன்:

“முப்பிடாதி, அம்பாசமுத்திரம் பஸ் எத்தனை மணிக்கும்மா?”

முப்பிடாதி திரும்பினாள். என் மனைவியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“பதினொன்னரைக்கு” என்றாள் என் மனைவி. “நேத்தே கேட்டு வச்சுட்டேன்.”

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பாதிச் சுற்று மீதி இருந்தது. வந்த வழியே திரும்புவது, முழுதும் சுற்றுவது, இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். அவள் வந்த வழியே திரும்பினாள். முப்பிடாதி அவளோடு போனாள். வழிகாட்டி இன்றிச் செல்லக் கூடாது என்பது விதியாதலால் நான் இருவருக்கும் பின்னால் போனேன். அவர்கள் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். காதில் விழும் தூரத்துக்கு நான் நெருங்கவில்லை.

பெட்டியைப் பேருந்து நிற்கும் இடம் வரை நான்தான் தூக்கிச் சென்றேன். கனம் இல்லை. ஒரு வாரத்துக்கான துணிதான் இருந்தது. நிரந்தரமாகப் போகிறவள் ஒரு வாரத் துணியோடு வந்திருந்தாள். இதை நான் அப்போது கவனித்தேன். பேருந்து வந்தது. நடத்துநர் பெட்டியை வாங்கிக்கொண்டு, “எங்க சார், எத்தன டிக்கெட்டு?” என்றார்.

“அவங்களைக் கேளுங்க” என்றேன்.

“ஒண்ணு” என்றாள் அவள், படியில் ஏறியபடி.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறை நாளை வரை எனக்கு உண்டு. முன்பதிவு செய்த நாளுக்கு முன் கிளம்ப வேண்டிய அவசியம் எனக்கில்லை. காலையில் குளித்து, சட்டையை மாற்றி, ஏழு மணிக்கு வாயிலுக்குப் போனேன்.

முப்பிடாதி ஏற இறங்கப் பார்த்தாள். “ஒத்தையா நடக்கப் போறீங்களா சார்?”

வழிகாட்டி இருக்கும்போது ஒற்றை என்பது பொருந்தாது என்றேன். முப்பிடாதி பிரம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மேற்கு வளைவைத் தாண்டியதும் என் கைபேசி ஒலித்தது. மகனாக இருக்கும் என்று எடுத்தேன். அவள். மகன் வழியாக அல்ல, தமக்கை வழியாக அல்ல, அவளே தன் எண்ணிலிருந்து என் எண்ணுக்கு. எனக்கு இதுபோன்றதொரு அழைப்பு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. திரையில் பெயர் வந்தது. அந்தப் பெயரை என் கைபேசியில் பதிந்தவன் நன்மாறன். அம்மா என்று பதிந்திருக்கிறான்.

அது கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல அழைத்திருக்கலாம். எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அறியும் வழி ஒன்றுதான்.

கைபேசியை முப்பிடாதியிடம் நீட்டினேன்.

“என்னன்னு கேளும்மா.”

முப்பிடாதி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் நீட்டிய கையோடு நின்றேன். அது இன்னும் சில முறை அதிர்ந்து நின்றது.

அவசியம் என்றால் அவர்களே மறுபடியும் அழைப்பார்கள் என்று முப்பிடாதியிடம் சொன்னேன். முப்பிடாதி பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். முதல் நடையில் பார்த்த கறுப்புப் பறவையின் பெயரைக் கேட்டேன். ஒரு மாதிரி கொக்கு என்றுகூடச் சொல்லவில்லை.